மேகம் வந்தால் சின்னவனுக்கு வேலையில்லை

என் வண்டியில் ஏறித் தூங்கிய ஒரே ஆள் அவர்தான். மற்ற யாருக்கும் அது முடிந்ததில்லை. நான் ஓட்டுகிற விதம் அப்படி. முன்னால் போகிற லாரியின் டயர் வெடிக்குமோ, அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து மாடு வருமோ, இந்த ஸ்கூட்டர்காரர் கையைக் காட்டாமல் திரும்புவாரோ என்று என் கால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் வரும். சிப்காட் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் பாதி வழியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். "பாய், தப்பா நெனைக்காதீங்க. உங்ககூட வந்தா எனக்கு பிரஷர் ஏறுது" என்றார்.

இவரோ கதவைச் சாத்தின கையோடு தலையைச் சாய்ப்பார். பாகலூர் ரோட்டில் இருந்த அவர் வீட்டுச் சந்து முடிவதற்குள் வாய் லேசாகத் திறந்துகொள்ளும். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடுகள், விமானம் ஓட்டுகிற பெண். என்னைவிட வயதில் நன்றாகச் சின்னவர். ஆனாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். எல்லோரையும் போல அவரும் என்னை பாய் என்பார்.

எப்படித் தூக்கம் வருகிறது என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீங்க சந்தேகப்படுதீங்கள்லா பாய். சந்தேகப்படுத ஆளு ஓட்டுனா நான் நிம்மதியாத் தூங்கலாம்."

தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. எத்தனை ஊரில் இருந்தாலும் அது மட்டும் மாறவில்லை என்று அவரே சிரிப்பார். எனக்கு அன்று முழுக்க அந்த வார்த்தை உள்ளேயே ஓடியது. என் பயத்தை ஒரு நல்ல குணமாக யாரும் சொன்னது கிடையாது. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் பாதிக் காரணம் வீட்டுக் கஷ்டம், மீதிப் பாதி ஒன்பதாவதுக்கு வரப்போகிற கணக்கு வாத்தியார். அத்தா, என் அப்பா, அப்போதே சொன்னார், "இவன் நெழலப் பாத்தே ஒதுங்கிப் போவான்" என்று. அத்தாவை நான் குறை சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

ஓசூருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளம். அங்கே வாடகைக்கு விமானம் விடுகிற ஒரு சின்னக் கம்பெனி. விமானமும் சின்னதுதான், வேனில் ஏறுகிற ஆட்களைக்கூட அதில் ஏற்ற முடியாது. ஓட்டுவதற்கு இரண்டு பேர், இவரும் ஒரு சீனியர் கேப்டனும். கம்பெனிக் காருக்கு நான். தொழிற்சாலை முதலாளிகள், வெளிநாட்டு இன்ஜினியர்கள், சில சமயம் மலையையும் ஏரியையும் மேலிருந்து படம் எடுக்க வருகிறவர்கள் என்று ஆட்கள் வந்துபோவார்கள்.

இவரிடம் ஒரு கருவி இருந்தது. உள்ளங்கையளவு, மஞ்சள் ரப்பர் உடம்பு, தலையில் கொம்பு மாதிரி ஒரு குட்டி ஏரியல். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களிடம் கேட்டு, நாம் நிற்கிற இடம் எது, போக வேண்டிய இடம் எந்தத் திசை என்று அம்பு போட்டுக் காட்டும். போனிலேயே மேப் இருக்கிற காலத்தில் இது எதற்கு என்று கேட்டேன்.

"டவர் இல்லாட்டி உங்க போன் முழிக்கும். இவன் அஞ்செட்டிக் காட்டுக்குள்ளயும் பேசுவான்."

இவன் என்றுதான் சொல்வார். பேர், சின்னவன். விமானத்துக்குள் முன்பலகையில் பொருத்தி வைத்திருந்த பெரிய கருவிக்குப் பேர், பெரியவன்.

சின்னவன் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். இதைச் சொல்லியாக வேண்டும். அவரை ஏதோ யந்திரத்தைக் கண்டால் ஆகாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. லீவு நாட்களில் என்னையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு அஞ்செட்டிப் பக்கம் நடக்கப் போவார். ஆட்டுப்பட்டி, ஊற்று, நல்ல நிழல் உள்ள புளியமரம் என்று கண்ட இடத்தில் எல்லாம் நின்று பொத்தானை அழுத்தி, அந்த இடத்துக்கு ஒரு பேர் போட்டுச் சேமிப்பார். ஒருமுறை பாதையில் கிடந்த தண்ணீர்க் குழாயைப் பாம்பென்று நினைத்து நான் பின்னால் குதித்து, என் மனைவியின் காலை மிதித்துவிட்டேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. நின்று, நிதானமாக ஏதோ எழுதினார்.

"என்ன மேடம் போடறீங்க?"

"பாய் பயந்த இடம், ஒண்ணு."

அந்த ஒரு நடையிலேயே நான்கைந்து ஆகிவிட்டது. ஆட்டுக்காரரின் நாய் குரைத்த இடம், தேனடை தொங்கிய பாறை, ஒன்றுமே இல்லாமல் நானே நின்றுவிட்ட ஓர் ஓடைத் திருப்பம். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க வீட்டுக்கு வந்து போடுங்க மேடம், அந்தப் பெட்டில எடமே பத்தாது" என்றாள்.

இவ்வளவு பிரியம் வைத்தவர், மேகம் என்றால் அதைத் தொட மாட்டார். தொட மாட்டார் என்றால், சுவிட்சை அணைத்து, துணிப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து, கைக்கு எட்டாத பின் சீட்டில் வைத்துவிடுவார். வானிலைத் தாளைப் பார்ப்பார். போகிற வழியில் மேகத்துக்குள் நுழைய வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், விமானத்தில் ஏறுவதற்கு முன்பே சின்னவனுக்கு லீவு.

ஒருநாள் விமானம் நிறுத்துகிற ஹேங்கரின் நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "வெளிய கண்ணால பாத்து ஓட்டுதப்போ சின்னவன் கூட வரலாம் பாய், தப்பில்ல. மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. வெள்ளை. உள்ள இருக்க முள்ளயும் டயலயும் பாத்துத்தான் ஓட்டணும். அப்போ வழி காட்டுததுக்கு விமானத்தோட சேத்துப் பொருத்தி, சோதிச்சு, இதுக்கு ஆகும்னு ஒப்புதல் குடுத்த கருவிதான் செல்லும். கையில எடுத்துட்டு வந்தத வச்சு வழி பாக்கக் கூடாது. விதி."

"இது தப்பாவா காட்டுது?"

"அநேகமாச் சரியாத்தான் காட்டும்."

"அப்புறம் என்ன மேடம்?"

"தப்பாக் காட்டுத அன்னைக்கும் இதே தைரியத்தோடதான் காட்டும். அதான் சங்கடம். பெரியவன் அப்பிடி இல்ல. மேல இருந்து வர சிக்னல்ல கோளாறு இருந்தா, 'எனக்கு இப்போ நிச்சயமாத் தெரியல, என்னை நம்பாதே'ன்னு ஒரு லைட்டைப் போட்டுருவான். தெரியலன்னு சொல்லத் தெரிஞ்சவன்தான் மேகத்துக்குள்ள கூட வரணும்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சீனியர் கேப்டனுக்கு இது நல்ல வேடிக்கை. "அம்மா, விதி எனக்கும் தெரியும். நம்பித்தான் போகக் கூடாது. அணைச்சு மூட்டை கட்டி வைன்னு எங்கம்மா இருக்கு? ஓரமா எரிஞ்சிட்டுப் போகட்டுமே, ஒரு தைரியத்துக்கு."

"அது உங்களுக்கு சார். எனக்குப் பக்கத்துல இருந்தா பாப்பேன். பாத்தா நம்புவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"பாய், இந்த அம்மா என்னைக்காவது ஸ்டியரிங்கையும் கழட்டி உங்ககிட்ட குடுத்துரும், பாத்துக்கோங்க."

"குடுத்தா பாய் பத்திரமா வச்சிருப்பாரு சார். உங்ககிட்டதான் குடுக்க மாட்டேன்."

சீனியர் கேப்டனுக்கு டீ புரையேறிவிட்டது. கெட்டவர் இல்லை அவர். பல வருஷம் பறந்தவர். சின்னவனைப் போல ஒரு கருவி அவரிடமும் உண்டு. மேகத்துக்குள்ளும் அதைத் தொடை மேல் வைத்திருப்பார் என்று அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

பனிக்காலத்தில் ஒரு விடியலில் மேடத்தைக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். சானமாவு தாண்டும்போது மூட்டம். பானட்டுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. யானை கடக்கிற இடம் வேறு. எனக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. போன் மேப்பில் ரோடு நீலமாக, நேராகத் தெரிந்தது. அதையே பார்த்து, அதையே பார்த்து ஓட்டினேன். பார்க்கப் பார்க்க மனதுக்கு ஒரு தைரியம் வந்தது, கால் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டருக்குப் போனது. அப்போதுதான் இவர் விழித்தார். கையை நீட்டிப் போனைக் குப்புறக் கவிழ்த்தார்.

"கண்ணு தெரியுதப்போ பாருங்க பாய் இத."

"தெரியாதப்பத்தானே மேடம் வேணும்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாரும் இதத்தான் கேக்காங்க. சின்னவன வாங்குன அன்னைக்கு நானும் இதத்தான் கேட்டேன்."

வண்டியை ஓரம் கட்டி, நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு நின்றோம். யானை வரவில்லை. ஒன்றும் வரவில்லை. சும்மாதான் நின்றோம். மூட்டம் விலகிப் பார்த்தால் ரோடு மேப்பில் இருந்தபடியே நேராகத்தான் போனது. நேரத்துக்குப் போய்ச் சேராததற்கு மேனேஜர் என்னைத்தான் ஏசினார். அதை மேடத்திடம் சொன்னபோது, "நான் நிறுத்தச் சொன்னேன்னு சொல்லுங்க" என்று அவரே மேனேஜர் அறைக்குள் போனார். பிறகு என்னை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இவரைப் பற்றி நினைத்தால் ரோஜாவும் ஞாபகம் வரும். பாகலூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் வெளிநாட்டுக்கு அனுப்ப வளர்க்கிற ரோஜா. தண்டு வளைந்திருந்தால் அதைத் தள்ளிவிடுவார்கள். அப்படி வளைந்ததாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் பாட்டிலில் போட்டு, என் வண்டியின் கப் வைக்கிற குழியில் செருகிவிடுவார். நான் திருப்பத்தில் பிரேக் போடும்போதெல்லாம் தண்ணீர் சிந்தும். "பூவுக்கே உங்க டிரைவிங் பழகிப் போச்சு பாருங்க" என்பார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கச் சொல்லி என் மனைவி பலமுறை சொன்னாள். நான் கேட்கவில்லை. ஊரில் அம்மா இருந்தார். தரையில் கால் வைத்ததும் அவருக்கு ஒரு போன், "எறங்கிட்டேன்" என்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான் தெரியும்.

ஒருமுறை கம்பெனி முதலாளியின் காரைக் கோயம்புத்தூரில் அவர் மகள் வீட்டில் விட்டுவரச் சொன்னார்கள். விட்டாயிற்று. மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறேன், மனைவியின் போன்.

"என்னங்க, அத்தாவுக்கு மூச்சு வாங்குது. கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு. உங்களையேதான் கேட்டுனு இருக்காரு. எப்பிடியாச்சும் வந்துருங்க."

பஸ்ஸில் போனால் எப்போது போய்ச் சேர்வது? மேடம் முந்தின நாள்தான் இரண்டு இன்ஜினியர்களைக் கோயம்புத்தூரில் கொண்டுவந்து விட்டிருந்தார். காலி விமானத்தோடு திரும்புகிறார் என்று தெரியும். போன் போட்டேன். முழுவதும் சொல்லி முடிக்கவில்லை.

"ஆட்டோ பிடிச்சு ஏர்போர்ட் வாங்க பாய். முதலாளிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

என் வாழ்க்கையில் முதல் தடவை விமானத்தில் ஏறினேன். பயமே வரவில்லை. இருந்த பயம் எல்லாம் கிருஷ்ணகிரியில் செலவாகிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் என்னை உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, பேசுவதற்குக் காதில் ஒரு ஹெட்போனையும் வைத்துவிட்டார். துணிப்பையை என் மடியில் போட்டார். "சின்னவன் தூங்குதான். பாத்துக்கிடுங்க."

வானம் கொஞ்ச தூரம் நீலமாக இருந்தது. பிறகு கீழே ஒரே பஞ்சு. ஊரும் இல்லை, மலையும் இல்லை. ஓசூர் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று சொன்னபோதும் பஞ்சுதான். கீழே எங்கள் ஓடுதளம், அங்கே கம்பெனியின் இன்னொரு வண்டி, ஏறி மிதித்தால் கிருஷ்ணகிரி. அவ்வளவு கிட்ட.

"மெதுவா எறங்கிப் பாக்குதேன் பாய். விதியில குடுத்திருக்க உயரம் வரைக்கும் போவேன். அதுக்குள்ள தரை தெரிஞ்சா எறங்கிருவோம்."

பஞ்சுக்குள் போனோம். ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. அவர் தலை கொஞ்சமும் அசையவில்லை, கண் மட்டும் ஒரு டயலில் இருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தது. இறங்கிக்கொண்டே இருந்தோம். அப்போது முன்பலகையில், பெரியவனின் முகத்தில், ஒரு மஞ்சள் விளக்கு.

இன்ஜின் சத்தம் ஏறியது. மூக்கு மேலே தூக்கியது.

"என்ன மேடம்?"

"பெரியவனுக்குத் தெரியலயாம் பாய். மேல போறோம்."

என் கை என்னைக் கேட்கவில்லை. ஜிப்பைத் திறந்து சின்னவனை எடுத்து, ஜன்னலோரம் பிடித்து, பொத்தானை அழுத்தினேன். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு அது படத்தைக் காட்டியது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதுவே போதுமாக இருந்தது. தூரத்தில், திரையின் ஓரத்தில், வரிசையாகக் குட்டிக் கொடிகள், அஞ்செட்டியில் நான் பயந்த இடங்கள். நடுவில் ஒரு பட்டைக் கோடு, எங்கள் ஓடுதளம். அதைப் பார்த்து ஓர் அம்பு. துளி நடுக்கம் இல்லாத அம்பு.

"மேடம், இதோ இருக்கு! கீழதான் இருக்கு! இது காட்டுது மேடம், தெளிவாக் காட்டுது!"

"அணைச்சிருங்க பாய்."

"அத்தா மேடம். என்னைக் கேட்டுனே இருக்காராம். ஒரே ஒரு தடவ. கீழ நம்ம எடம்தான, உங்களுக்குத் தெரியாத எடமா?"

"மலைக்கோயில் இருக்கு. செல்போன் டவர் இருக்கு. கரண்டு லைன் இருக்கு. எல்லாம் இந்த வெள்ளைக்குள்ளதான் இருக்கு பாய்." அவர் குரல் உயரவில்லை. ஆனால் அது எப்போதும் நான் கேட்கிற குரலாகவும் இல்லை. "பெங்களூருல எறங்குததுக்கு எல்லாக் கருவியும் இருக்கு. ராடார்ல பாத்து கூட்டிட்டுப் போவாங்க. அங்க இருந்து உங்கள நானே கூட்டிட்டுப் போறேன். அணைங்க."

அணைத்தேன். பிறகு காதில் பெங்களூருக்காரர்களின் குரல், அவர் பதில், எண் எண்ணாக. எதுவும் எனக்குப் புரியவில்லை. எத்தனையோ திருப்பங்களுக்குப் பிறகு, வெள்ளைக்குள்ளிருந்து திடீரென்று விளக்கு விளக்காக ஓர் ஓடுதளம் முன்னால் நின்றது. கோடு போட்ட மாதிரி இறக்கினார்.

யூனிபார்மோடு, அம்மாவுக்குப் போன்கூடப் போடாமல், என்னோடு வாடகைக் காரில் ஏறினார். அன்று அவர் தூங்கவில்லை. அத்திப்பள்ளி எல்லையில் லாரிகள் நகராமல் நின்ற இடத்தில் அண்ணனின் போன் வந்தது. அழுகைதான் கேட்டது. போனை மடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். முன் சீட்டைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்துப் போயிருந்தது.

அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்த மட்டும் அல்லா கொடுத்தான். என் மனைவி மேடத்துக்கு ஒரு துப்பட்டாவைக் கொடுத்தாள். அவர் தலையை மூடிக்கொண்டு பெண்களோடு கீழே உட்கார்ந்திருந்தார். அத்தாவின் மய்யித்தைத் தூக்கும்போது அவரும் எழுந்து வாசல் வரைக்கும் வந்து நின்றார்.

துக்கம் விசாரிக்க சீனியர் கேப்டனும் வந்தார், நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அண்ணன் கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருக்கிறார், எதையும் உடைத்துக் கேட்கிறவர். அவரிடம் சீனியர் ஏதோ வருத்தத்தில் சொல்லியிருக்கிறார், நானாக இருந்தால் இறக்கியிருப்பேன் என்று. கபர்ஸ்தானிலிருந்து திரும்பி வந்து கால் கழுவுகிற இடத்தில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, கீழயே இருந்துச்சாமே எடம்? கையில இருந்த பெட்டில காட்டினு இருந்துச்சாமே? அந்தப் பொம்பள எறக்காமப் போயிட்டாளாமே? அத்தா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துனு இருந்தாருடா."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் தள்ளி, துப்பட்டாவோடு, அவரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"காட்டுச்சுண்ணா" என்றேன். "இருந்துச்சான்னு தெரியல."

"என்னாடா பேச்சு இது?"

"காட்டறது வேற, இருக்கறது வேறண்ணா. எங்களுக்குத் தெரியல. தெரியலன்னா எறக்கக் கூடாது."

அண்ணன் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணன் முன்னால் நின்று நான் ஒரு வார்த்தையை நடுங்காமல் சொன்னது அன்று ஒருநாள்தான். திரும்பிப் பார்த்தேன், மேடம் அங்கே இல்லை. காருக்குள் உட்கார்ந்து, துப்பட்டாவின் முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதார் என்று மனைவி பிறகு சொன்னாள்.

அதற்கப்புறம் அந்தக் கம்பெனி அதிக நாள் ஓடவில்லை. முதலாளி விமானத்தை விற்றார். சீனியர் கேப்டன் ஓய்வு வாங்கிக்கொண்டார். இவருக்கு வடகிழக்கில் வேலை கிடைத்தது, மலைகளுக்கு நடுவே, முக்கால்வாசி நேரம் மேகமாக இருக்கிற இடம். "உங்களுக்குப் பொருத்தமான எடம்தான் மேடம்" என்றேன். பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். சொந்தக்காரர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கிப் போனேன்.

அன்றும் அவர் தூங்கவில்லை. ஏர்போர்ட் ரோட்டில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பாய், ஒண்ணு கேக்கணும். மனசுல இருந்து சொல்லணும். அன்னைக்கு நான் எறக்கியிருக்கணுமோ?"

நான் எதற்கும் உடனே பதில் சொல்கிறவன் இல்லை. சாப்பிட என்ன வேண்டும் என்று மனைவி கேட்டாலே யோசிப்பேன். எந்த விதியைக் கேட்டாலும் கண்ணைச் சிமிட்டாமல் சொல்கிற மனுஷி, இதை மட்டும் இத்தனை நாள் உள்ளே வைத்துக்கொண்டு, கடைசியில் என்னைப் போய்க் கேட்கிறார்.

"இல்ல மேடம். எறக்கியிருந்தா அத்தாவப் பாத்திருப்பேனோ என்னவோ. ஆனா அதுக்கப்புறம் உங்ககூட இன்னொரு தடவ ஏற மாட்டேன்."

முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"இப்போ கூப்பிட்டா ஏறுவீங்களா?"

"மேகமா இருந்தாலும் ஏறுவேன்."

"அப்போ கூப்பிடுதேன். நீங்களும் அக்காவும் வாங்க. அந்த மலைய மேல இருந்து காட்டுதேன்." என் மனைவியைத்தான் அக்கா என்றார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் போனார். அங்கிருந்து திரும்பி, கையைக் காட்டாமல், தலையை மட்டும் ஆட்டினார். அவர் வழக்கம் அது.

போய்ச் சேர்ந்த அன்று என் போனுக்கும் ஒரு அழைப்பு வந்தது. "எறங்கிட்டேன் பாய்." பிறகு அந்த நம்பர் மாறிவிட்டது. அங்கே டவர் சரியில்லை என்பார்கள். அப்படித்தான் இருக்கும். வேறு எதையும் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. செய்தியில் வடகிழக்கு என்று எழுத்து ஓடினால் மனைவி சேனலை மாற்றிவிடுகிறாள்.

இப்போது ஒரு தொழிற்சாலைக்கு ஷிப்ட் வண்டி ஓட்டுகிறேன். ஏறுகிறவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அங்கே லீவு எளிதில் கொடுக்க மாட்டார்கள், மாற்று டிரைவர் கிடைக்க வேண்டும். திடீரென்று கேட்டால் இல்லை என்றுவிட்டால் என்ன செய்வது? அந்தக் கவலையில் சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே போய் நின்றேன். ஒரு வாரம் லீவு வேண்டியிருக்கும் சார், தூரமாகப் போகணும், குடும்பத்தோடு.

"போங்க பாய். என்னைக்குன்னு சொல்லுங்க, ஆள் போட்டுடறேன்."

"தேதி இன்னும் தெரியல சார். கூப்பிட்டதும் சொல்லிடறேன்."